ஈயக்குட்டையும் எழுத்தின் வலிமையும்

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைச் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். வாசக அன்பர்களும் குடும்பத்தோடு போய் வரலாம். பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கேஎல் சென்ட்ரலிலும், கிள்ளான்வாசிகள் கிள்ளான் நிலையத்திலும் கொமுட்டர் இரயில் ஏறி, செத்தியா ஜெயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து, 2015-இல் தொடங்கிய மேம்பாலத் தடத்தில் மின்சாரப் பேருந்து உண்டு.

நீர்ச்சறுக்குகள் நிற்கும் அந்தப் பள்ளம், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய சுரங்கம். கைவிட்ட குழிதான் இன்று இத்தனை பேருக்குக் களிப்பிடம்!

பெரியவர்கள் மதிக்காத ஒன்று பின்னாளில் பெருமை பெற்ற கதை கிள்ளானுக்கும் உண்டு. திரும்பும் வழியில் அதை மாணவர்களுக்குச் சொன்னேன். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலின்போது நாளேடுகளில் எதிர்க்கட்சியினருக்கு இடம் குறைவு. பலர் இணையத்தில் வலைப்பூ எழுதினார்கள். செய்தி கைத்தொலைபேசி வழியும் பரவியது. தேசிய முன்னணி 222 நாடாளுமன்ற இடங்களில் 140 மட்டுமே பெற்று, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. வலைப்பதிவர் ஜெஃப் ஊய் ஜெலுத்தோங்கில் வென்றார். தடுப்புக்காவலில் இருந்தபடியே வழக்கறிஞர் எம். மனோகரன், கிள்ளானின் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். இணையத்தைக் குறைத்து மதிப்பிட்டது பெரும் பிழை என்று அன்றைய பிரதமர் அப்துல்லா படாவியே பின்னர் ஒப்புக்கொண்டார்.

பெற்றோர்களே! பிள்ளைகளைச் சறுக்கி விளையாட விடுங்கள். வீடு திரும்பியதும், கண்டதைக் கண்டபடி, பொய் கலவாமல் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நாளை நம் குறையை நாமே எடுத்துச் சொல்ல அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.