பத்து ரூபாய்க்கு மேல்

மூன்று நாள் மண்ணைத் தோண்டியும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காத கதையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல, ஏழெட்டு.

2021 ஊரடங்கில் எனக்கு வந்த வியாதி அது. பிரிட்டனில் 'டைம் டீம்' என்று ஒரு தொடர். சானல் 4-ல் 1994-ல் ஆரம்பித்து இருபது வருஷம் ஓடியது. சங்கதி ரொம்ப எளிமை. ஒரு தொல்லியல் குழு ஏதாவது ஓர் ஊருக்குப் போகும். மூன்றே நாள் தோண்டும். டோனி ராபின்சன் என்கிற காமெடி நடிகர் குழிக்குக் குழி ஓடி, 'ஏதாவது கிடைச்சுதா, கிடைச்சுதா' என்று நம் சார்பில் நச்சரிப்பார். பரட்டைத் தலையும் கலர் கலராகக் கோடு போட்ட ஸ்வெட்டருமாக மிக் ஆஸ்டன் என்ற பேராசிரியர் நிதானமாகப் பதில் சொல்வார். சில வாரம் ரோமானியர் காலத்துத் தரை கிடைக்கும். சில வாரம் வெறும் களிமண். எதுவானாலும் மூன்றாம் நாள் சாயங்காலம் மூட்டை கட்டிவிடுவார்கள்.

தொடர் நின்றுபோனது. ரசிகர்கள் விடவில்லை. 2021-ல் பேட்ரியான் என்ற சந்தா முறையில் ஆளாளுக்கு மாதம் கொஞ்சம் போட்டு உயிர் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காசில் கார்ன்வால் பக்கம் போடன் என்ற இடத்தில் இரும்புக் காலத்து நிலவறை ஒன்றையும், ஆக்ஸ்போர்டுஷையரில் ரோமானிய மாளிகை ஒன்றையும் தோண்டினார்கள். 2022-ல் யூடியூபில் வந்தது. டி.வி. கம்பெனி கிடையாது, சோப்பு விளம்பரம் கிடையாது. பார்க்கிறவன்தான் முதலாளி!

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு செலவு ஓடும். அங்கே ரசிகன் காசு போட்டு மண்ணைத் தோண்டச் சொல்கிறான் என்றால் இங்கே முடியாதா?

முடியாது. விசாரித்த முதல் நாளே தெரிந்துவிட்டது. 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தொல்லியல் அகழாய்வு என்று மாநில அரசு தோண்டுவதானாலும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். நானும் நீங்களும் ரசீது புத்தகம் அடித்துக்கொண்டு கடப்பாரை தூக்க முடியாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தர்மபுரியில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் ஒரு கல்வெட்டுக்காரர். பெயர் போட வேண்டாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். "இன்னிக்கு ரெண்டு டீ குடிச்சா பத்து ரூபா தாண்டிடும் தம்பி" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த ஜோக்கை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். எடுத்து வைத்திருக்கக் கூடாது.

சரி, தோண்ட வேண்டாம். ஏற்கெனவே தோண்டிய இடங்களையும் மண்ணுக்கு மேலே நிற்கும் கல்லையும் படம் எடுப்போம் என்று முடிவானது. ஐந்து பகுதி. ஏன் தர்மபுரி? 2022 மே மாதம் சட்டசபையில் முதல்வர் மயிலாடும்பாறை இரும்பு பற்றி அறிவித்தது நினைவிருக்கும். கி.மு. 2172. நாலாயிரத்து இருநூறு வருஷம்! அந்த ஊர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-ல் பிரிக்கிற வரைக்கும் தர்மபுரிதான். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் சீமை. நம் வாசகர்கள் எண்பத்து மூன்று பேர் காசு அனுப்பினார்கள். மொத்தம் 61,400 ரூபாய். ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியர் நூற்றியோரு ரூபாய் மணியார்டர் அனுப்பி, பின்னால் போன் பண்ணி, 'ஒரு ரூபா மொய்க் கணக்கு' என்றார். பைசா சுத்தமாகக் கணக்கு எழுதினேன். கேமரா நண்பர் சம்பளம் கேட்கவில்லை. சாப்பாடும் டீசலும் போதும் என்றார்.

முதல் பகுதி தர்மபுரி அகழ்வைப்பகம். நடுகற்கள் நிற்கும் இடம். மாடு பிடிக்க வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். கையில் வில், வாள், உடம்பில் தைத்த அம்பு, தலைக்கு மேலே வட்டெழுத்தில் நாலு வரி. ராஜா பெயர், ஆட்சி ஆண்டு, செத்தவன் பெயர். முடிந்தது வாழ்க்கை. பக்கத்துச் செங்கம் சீமையில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனோடு அவன் நாயும் இருக்கிறது. திருடர்களைக் கடித்த நாய். பெயர் கோவிவன். சுமார் ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயரைக் கல் ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்கு என் கொள்ளுத் தாத்தா பெயர் தெரியாது. இந்தப் பகுதி நன்றாகப் போனது.

இரண்டாவது மோதூர். 2005 வாக்கில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த இடம். ஆய்வு முடிந்ததும் குழியை மூடிவிடுவதுதான் முறை. நாங்கள் போனபோது நிலம் நிலமாக இருந்தது. அதைத்தான் எடுத்தோம். புதிய கற்கால ஆட்கள் எப்படிக் கல்லைத் தேய்த்துக் கோடரி செய்தார்கள் என்று கல்வெட்டுக்காரர் பதினைந்து நிமிஷம் அருமையாகப் பேசினார். காசு போட்டவர்கள் போன் செய்தார்கள். "சார், ஒண்ணுமே காட்டலையே?" ஒருத்தர் இன்னும் நேராகக் கேட்டார்: "எத்தனை வருஷம் பழசுன்னு போட்டா போதும் சார், நடுவுல அந்தப் பெரியவர் பேச்சு எதுக்கு?"

வெள்ளைக்காரன் களிமண்ணைப் பார்த்துக்கொண்டு சந்தா கட்டுகிறான், நம் ஆள் கட்டமாட்டேன் என்கிறான் என்று நண்பரிடம் அலுத்துக்கொண்டேன். அலுப்பு அவர்கள் மேல் இல்லை. எனக்கே பயம். எண்பத்து மூன்று பேர் ஏமாந்த மாதிரி ஆகிவிடுமோ என்று.

மூன்றாவது பகுதிக்குப் பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் இந்த முறை சொல்லப் போவதில்லை. புளியமரத்தடியில் ஒற்றை நடுகல். இந்தப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். யாருக்காக எடுத்த கல் என்பது மறந்துபோய், சாமியாகிவிட்டான். மஞ்சள் பூசி, கதம்பம் சாத்தியிருந்தார்கள். காட்டுக்காரர் வீட்டு அம்மா, எழுபது வயசு இருக்கும், எங்களுக்கு மோர் கொடுத்தார். "நல்லா எடுங்க தம்பி. எங்க சாமி டி.வி.ல வரட்டும்."

அன்றைக்கு ட்ரோன் வாடகைக்கு எடுத்திருந்தேன். 7,000 ரூபாய். ரோட்டிலிருந்து பறந்து, மைல் கல்லைக் காட்டி, ஏரிக்கரையைத் தாண்டி, புளியமரத்துக்கு வந்து இறங்கும் ஷாட். பிரமாதமாக வந்தது. கல் முன்னால் நான் நின்றுகொண்டு பேசினேன். கடைசியில், யாரும் எழுதிக் கொடுக்காமல் நானாக ஒரு வரி சொன்னேன். "இந்தக் கல்லுக்கு அடியில் பத்து ரூபாய்க்கு மேல் என்ன இருக்கிறதோ... யார் கண்டது?" பின்னால் உடுக்கைச் சத்தம் சேர்த்தோம்.

அடியில் ஒன்றும் இருக்காது. அது எனக்கும் தெரியும். நடுகல் என்பது நினைவுக்கல். புதையல் வைத்து மேலே அடையாளத்துக்கு நட்டதல்ல. கல்வெட்டுக்காரர் முதல் பகுதியிலேயே அதைச் சொல்லியிருந்தார். நீளம் கருதி நான்தான் வெட்டினேன்.

மூன்று பகுதியில் அதுதான் அதிகம் பேர் பார்த்தது. இருபத்திரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அந்த அம்மாவின் மகன் போன் செய்தார். "அண்ணா, கல்லச் சுத்தி நோண்டிப்புட்டானுங்க."

போனோம். மார்பளவு குழி. ஓரத்தில் வெட்டிய எலுமிச்சம்பழம், குங்குமம், உடைந்த தேங்காய், இரண்டு பீடித் துண்டு. கல் குப்புற விழுந்து வலது பக்க மேல் மூலை சில்லுச் சில்லாகப் போயிருந்தது. எழுத்து இருந்த மூலை. படம் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. என் மேல் யாரும் பழி போடவும் இல்லை. "நாலு தலைமுறையா ஒருத்தனும் தொடல" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. குழியைப் பார்த்துச் சொன்னார்.

கல்வெட்டுக்காரரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எழுத்தைப் படியெடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை. "போட்டோவாவது?" வீடியோ இருக்கு சார் என்றேன்.

மைப்படி எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். காகிதமும் மையும்தான் செலவு. கூப்பிட்டிருந்தால் அவரே பஸ்ஸில் வந்திருப்பார். என் கணக்கு நோட்டில் ட்ரோனுக்கு 7,000 இருக்கிறது, உடுக்கைக்கு 1,500 இருக்கிறது, காகிதம் மை என்று ஒரு வரி இல்லை. டைம் டீம்காரர்கள் ஆடிப் பாடித் தோண்டியதை மட்டும்தான் நான் பார்த்தேன். கேமரா போன பிறகு வெசெக்ஸ் ஆர்க்கியாலஜி என்ற நிறுவனம் அந்தக் குழிகள் பலவற்றுக்குப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதியது. கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் அதில் உண்டு. அதை யார் பார்ப்பார்கள்? நான் பார்க்கவில்லை.

நண்பர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வீடியோவை ஒவ்வொரு பிரேமாக ஓட்டினார். ட்ரோன் ஷாட்டில் கல் தீப்பெட்டி அளவு. கிட்டத்தில் எடுத்ததில் என் முகம் பளிச்சென்று இருக்கிறது, பின்னால் எழுத்து கலங்கல். நான் கையை ஆட்டி ஒரு பக்கம் நகர்ந்த அரை வினாடியில் கொஞ்சம் தெரிந்தது. கல்வெட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். "மகன்னு ஒரு சொல் இருக்கு. யார் மகன்னு அந்த மூலையில இருந்திருக்கும்" என்றார்.

தொடரை நிறுத்திவிட்டோம். மூன்றாம் பகுதியை யூடியூபிலிருந்து எடுத்தாயிற்று. மீதி 19,350 ரூபாயை எண்பத்து மூன்றாகப் பிரித்து, நடந்ததையும் எழுதித் திருப்பி அனுப்பினேன். பதினோரு பேர் வேண்டாம், காகிதம் மை வாங்கிக்கொள்ளுங்கள் என்று திரும்ப அனுப்பிவிட்டார்கள். 'நடுவுல அந்தப் பெரியவர் பேச்சு எதுக்கு' என்று கேட்டவரும் அதில் ஒருத்தர். அந்தப் பணம் தனி வரியில் நிற்கிறது. மழை விட்டதும் கல்வெட்டுக்காரரோடு ஊர் ஊராகப் போவதாக ஏற்பாடு. கேமரா கிடையாது.

கல்லைத் திரும்ப நட்டுவிட்டார்கள். சிமென்ட் போட்டுப் பூசியிருக்கிறார்கள். அதுவும் கூடாது என்பார்கள் தொல்லியல்காரர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் அந்த அம்மா ஒரு கோரிக்கை வைத்தார். "படத்துல எங்க சாமி முழுசா இருக்குதாமே. ஒண்ணு காப்பி போட்டுக் குடு தம்பி. பிரேம் போட்டு மாட்டறன்."

எந்த பிரேமை நிறுத்தினாலும் நடுவில் நான் நிற்கிறேன். தேடித் தேடி, கல் ஏறக்குறைய முழுசாகத் தெரிகிற ஒன்றைப் பிரின்ட் போட்டுக் கொண்டுபோனேன். முந்தானையால் துடைத்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஓரத்தைக் காட்டி, "இது யாரு தோளு?" என்றார்.

என்னோடதுதாம்மா என்றேன்.