மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசு

ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பை முடித்துவிட்டு மேஸ்திரியிடம் சேர்ந்தபோது எனக்குப் பைப்பை அறுக்கத் தெரியும், ஒட்டத் தெரியும். ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தால் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதை அவரிடம்தான் கற்றேன். திருச்சி புறநகரில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய தரைத்தள வீடுகள். மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி எடுப்பார்கள். பெரியவர்களுக்கு முழங்கால் வலி வந்தால் இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுவார்கள். எந்தப் பைப் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது கட்டியவருக்கே மறந்திருக்கும்.

வீட்டுக்காரர்கள் எங்களை நேராக மொட்டைமாடிக்கு அழைத்துப் போவார்கள். "இங்க பாத்ரூம், இந்தச் சுவர்ல கீசர்" என்று கை காட்டுவார்கள். மேஸ்திரி தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கி, கொல்லைப்புறத்துக் கழிவுநீர்ச் சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்புவார்.

"தம்பி, வர்ற தண்ணிய எப்படி வேணும்னாலும் வளைச்சுக் கொண்டுபோயிரலாம். போற தண்ணி நம்ம பேச்சைக் கேக்காது. அதோட வழியப் பாத்துட்டுத்தான் பாத்ரூமுக்கு எடம் சொல்லணும்."

சேம்பரில் விழும் பைப்பின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று டேப்பை விட்டு அளப்பார். நான்கு இஞ்ச் கழிவுப் பைப்புக்கு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் என்பது அவர் கணக்கு. புது டாய்லெட் 24 அடி தள்ளி வந்தால் 6 இஞ்ச் இறக்கம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சேம்பரை ஆழப்படுத்தலாமா என்று பார்ப்பார். செப்டிக் டேங்கின் வாய் மேலே இருந்தால் அதிலும் பயனில்லை, டாய்லெட்டைக் கிட்டே கொண்டுவர வேண்டியதுதான். வாட்டம் போதாத பைப்பில் தண்ணீர் வடிந்துவிடும், கசடு தங்கிவிடும்.

மட்டம் பார்ப்பது டியூப் லெவலில். டியூபில் தண்ணீர் நிரப்பியதும், உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று கடைசி வரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். ஒரு குமிழி நின்றாலும் இரண்டு முனையும் வெவ்வேறு மட்டம் காட்டும். குமிழி வெளியேறிய பிறகுதான் சுவரில் பென்சில் கோடு. அந்தக் கோட்டிலிருந்துதான் மற்ற எல்லா உயரமும் அளக்கப்படும்.

மாடி எடுக்கும்போது பெரிய சிக்கல் தளம். புது வீடென்றால் பாத்ரூம் வரும் இடத்தில் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, பைப்புகளை அந்தப் பள்ளத்தில் பதித்துவிடலாம். ஏற்கெனவே போட்ட கான்கிரீட் தளத்தைத் தாழ்த்த முடியாது. அதனால் வெளிச்சுவரை ஒட்டிய இடத்தையே மேஸ்திரி கேட்பார். பி ட்ராப் வைத்த வெஸ்டர்ன் டாய்லெட்டின் கழிவு சுவர் வழியாகவே வெளியே போய்விடும், தளத்தில் ஓட்டை போட வேண்டாம். குளிக்கிற தண்ணீர் போகும் நாணி ட்ராப்புக்கு மட்டும் பாத்ரூம் தரையை உயர்த்தியாக வேண்டும். அறையைவிட பாத்ரூம் ஒரு படி உயரமாக வரும் என்பதை வேலைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார்.

வாஸ்து பேச்சும் இங்கேதான் எழும். ஈசானிய மூலையில் கூடாது, கீழே பூஜையறை இருக்கும் இடத்துக்கு மேலேயும் கூடாது. மேஸ்திரி வாதாடுவதில்லை. "அம்மா, கீழ் பாத்ரூமுக்கு நேர் மேல வச்சுக்கலாம். பைப்பு நேரா எறங்கிரும், செலவும் கம்மி" என்பார். கீழ் பாத்ரூமுக்கு முன்பு அந்த இடத்தை ஏற்றுக்கொண்டவர்கள் இப்போதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பலரும் மறப்பது காற்றுப் பைப்பை. பழைய மொட்டைமாடியில் தலை நீட்டி நிற்கும் அந்தப் பைப், மாடி எழும்பியதும் புது ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதைப் புதுத் தளத்துக்கு மேலே ஏற்ற வேண்டும். தொல்லை என்று அடைத்துவிட்டால், டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றும்போது இழுக்கும் காற்று, நாற்றத்தைத் தடுக்க ட்ராப்பில் நிற்கும் இரண்டு இஞ்ச் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு வீட்டுக்குள் நாற்றம்தான்.

அடுத்தது டேங்க். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதைத் தூண் தாங்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். டேங்க் ஒரு தளம் மேலே போனால் கீழ்வீட்டுக் குழாய்களில் அழுத்தம் கூடும். பத்தடி உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோ. துருப்பிடித்த பழைய ஜி.ஐ. பைப்பின் இணைப்புகள் அதில் கசியத் தொடங்கலாம். மாடி ஷவருக்கோ டேங்க் தலைக்கு மேலேயே இருப்பதால் வேகம் இருக்காது. டேங்க் மேடையை உயர்த்தி, டேங்கிலிருந்து ஒன்றேகால் இஞ்சில் இறக்கி, குழாய்க்குக் கிட்டே மட்டும் அரை இஞ்சுக்குக் குறைத்தால் கொஞ்சம் தேறும். மழைநீர்ப் பைப்பைக் கழிவுப் பைப்போடு சேர்க்கவே கூடாது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் அது போக வேண்டும்.

இவ்வளவும் முடிவான பிறகே சுவரில் காடி எடுப்போம். வெந்நீருக்கு சி.பி.வி.சி. மட்டுமே. மிக்ஸருக்கு இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே ஆறு இஞ்ச். டைல்ஸின் கனத்தையும் சேர்த்துத்தான் பிராஸ் எல்போவின் வாய் நிற்க வேண்டும். தூணிலும் பீமிலும் உளி படக்கூடாது.

ஒட்டியது காய்ந்ததும் எல்லா வாய்க்கும் டம்மி போட்டு, டெஸ்ட் பம்பால் தண்ணீர் ஏற்றுவோம். கேஜில் முள் இறங்காமல் நின்றால்தான் கொத்தனாரைப் பூச விடுவார். பூசுவதற்கு முன் சுவரில் டேப்பை நீட்டிப் பிடித்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவது என் வேலை. நாளைக்கு ஒரு அலமாரிக்கு ட்ரில் போடுகிறவருக்கு அந்தப் போட்டோ போதும்.

வீட்டைப் புதுப்பிக்கவோ மாடி எடுக்கவோ நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கான்கிரீட் போட்டு முடித்துவிட்டுப் பிளம்பருக்குப் போன் செய்யாதீர்கள். இன்ஜினியர் கோடு போடும் அன்றே கூப்பிடுங்கள். வந்தவர் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்காமல் ரேட் சொன்னால், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.