மண்ணும் தாரும்: பாலிகஞ்சில் ஒரு பழைய பைக்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. பாலிகஞ்ச் பாரி சந்திப்பில் தேநீர்க் கடைக்காரர் மண் குவளைகளை அடுக்கத் தொடங்கும்போதே இரண்டு மூன்று பைக்குகள் வந்து நின்றுவிடுகின்றன. பின்சீட்டில் கட்டிய பை, முழங்காலில் கவசம், முன்சக்கரத்தில் இன்னும் உதிராத செம்மண். பக்கத்தில் கரியாஹாட்டில் துணிக்கடைகள் திறக்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இவர்கள் வித்யாசாகர் சேதுவைத் தாண்டி, ஹௌரா மாவட்டத்தையும் தாண்டியிருப்பார்கள்.

வங்காளியின் விடுமுறையைக் கேலி செய்ய வங்காளிகளே கண்டுபிடித்த சொல் 'தீபுதா': தீகா, புரி, தார்ஜிலிங். மூன்றுக்கும் ரயில் உண்டு. ரயில் போகாத இடத்துக்குப் போக ஆசைப்படும் தலைமுறைக்குத்தான் இந்த வண்டி தேவைப்படுகிறது. ஆசை ஒன்றும் புதிதல்ல. 1926ல் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பிமல் முகர்ஜி உலகைச் சுற்றிவிட்டு 1937ல்தான் வீடு திரும்பினார். அவருக்குப் பதினோரு ஆண்டுகள் கிடைத்தன. செக்டர் ஐந்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒன்றரை நாள்.

அந்த ஒன்றரை நாளுக்கு என்ன வண்டி? தார்ச் சாலையிலும் ஓட வேண்டும், தார் முடிந்த இடத்தில் தயங்கவும் கூடாது. உலகச் சந்தையில் இந்த இரட்டை வேடத்துக்கு 1968ல் வழிகாட்டியது யமஹாவின் டிடி-1. 1980ல் பி.எம்.டபிள்யூ. தன் வண்டிக்கு வைத்த ஜி.எஸ். என்ற பெயரே ஜெர்மன் மொழியில் காட்டுநிலம், சாலை என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள்தான். இந்தியாவில் அந்த வேலையையும் பல காலம் புல்லட்டே பார்த்தது. 1955ல் சென்னையில் தொடங்கிய நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த புல்லட்டுகள், யாரும் கேட்காமலேயே லடாக் வரை போய்வந்தன. இதற்கென்றே வடிவமைத்த மலிவு வண்டி என்று 2011ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. 150 சிசி எஞ்சினுக்கு நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கியது. சில ஆண்டுகளில் விற்பனை நின்றது. நல்ல யோசனை, கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டது. 2016ல் ராயல் என்பீல்டு ஹிமாலயன் 411, 2019ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகுதான் சந்தை விழித்துக்கொண்டது. இன்று பழைய வண்டி தேடுபவர் முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் நிற்கும். இடையிடையே ஓசூரில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ்., கே.டி.எம். 390 அட்வென்ச்சர் எட்டிப் பார்க்கும்.

பாலிகஞ்ச் இந்தத் தேடலுக்கு வசதியான பேட்டை. பாரிஸ்டர்களும் ஜமீன்தார்களும் பங்களா கட்டி வாழ்ந்த இடம்; இப்போது அடுக்குமாடிகள். பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டின் இன்றைய பெயர், 1935ல் 'தேவதாஸ்' எடுத்த பிரமதேஷ் பருவாவின் நினைவாக வைத்தது. ஆசையாக வாங்கி, கல்யாணம் ஆனபின் தொடாமல் வைத்திருக்கும் வண்டிகளுக்கு இப்படிப்பட்ட தெருக்களில் பஞ்சமில்லை. மேற்கே ராஷ்பிஹாரி அவென்யூவில் கொஞ்சம் நடந்தால் லேக் மார்க்கெட்: வாழை இலை, மல்லிகை, கறிவேப்பிலை, காபித்தூள், மூன்று தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள். பத்திரங்கள் மாற்றும் பெல்தலா மோட்டார் வாகன அலுவலகமும் அதிக தூரமில்லை. வடக்கே சில கிலோமீட்டரில், பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் மல்லிக் பஜார் இருக்கிறது. பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன சந்தை. சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை என்றால் புரியும்.

மொழியில் ஒரு எச்சரிக்கை. வண்டி விற்பவர், மெக்கானிக், புரோக்கர் எல்லோரும் இங்கே 'தாதா'. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவருக்கு முதல் நாள் திக்கென்று இருக்கும். அண்ணன் என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை.

எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பலரும் எஞ்சினிலிருந்து பதில் தேடுகிறார்கள். எடையிலிருந்து தேடுவதே புத்திசாலித்தனம். ஹிமாலயன் 411 பெட்ரோல் நிரப்பினால் 190 கிலோவைத் தாண்டும். எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 155 கிலோ. இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம். தரையிலிருந்து அடிவயிறு வரை 220 மி.மீ. இடைவெளி. காகிதத்தில் சகோதரர்கள் மாதிரி. ஆனால் பெல்பஹாரிக்கு அப்பால் நனைந்த செம்மண்ணில் வண்டி படுத்துவிட்டால், தூக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த முப்பத்தைந்து, நாற்பது கிலோ வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். மறுபக்கம், கோலாகாட் வழியாக கரக்பூர் வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 16ல் லாரிகளை முந்த வேண்டிய நேரத்தில் 200 சிசி எஞ்சின் திணறும். ஹிமாலயன் அலட்டிக்கொள்ளாமல் போகும். இருக்கை உயரத்தையும் பார்க்க வேண்டும். ஹிமாலயன் 800 மி.மீ., எக்ஸ்பல்ஸ் 820க்கு மேல், கே.டி.எம். 855. ஐந்தடி ஐந்தங்குல மனிதர் கடைசி வண்டியில் ஏறினால் சிக்னலில் ஒரு கால் நுனிவிரலால் தரையைத் தேடும்.

மண்பாதைக்காகவே வாங்குபவர், கூடவே நண்பர் கூட்டம் இல்லாதவர், இலேசான வண்டியை வாங்கட்டும். மனைவியோடு ஷாந்திநிகேதன் போய்வந்து எப்போதாவது மண்ணில் இறங்குபவருக்கு ஹிமாலயன் சரி. இரண்டிலும் ஸ்போக் சக்கரம், டியூப் டயர். பங்க்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பழகாமல் காட்டுப் பக்கம் போவது துணிச்சல் அல்ல.

விலை பேசுமுன் 2025 செப்டம்பர் 22ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அன்று முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 40 சதவீதமாக ஏறியது. ஆக, சின்ன எஞ்சின் வண்டியைப் பழைய கணக்கில் விற்க வருபவரிடம் புதிய வண்டியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசலாம். பெரிய எஞ்சின் வைத்திருப்பவரோ அதே தேதியைக் காட்டி விலையை ஏற்றுவார்.

அந்தத் தேதிக்கு அடுத்த நாள்தான் கொல்கத்தாவின் பழைய பைக் சந்தைக்கு உண்மையான சிக்கல் வந்து சேர்ந்தது. செப்டம்பர் 22 இரவு தொடங்கிய மழை 23 விடியும்வரை கொட்டியது. மாநகராட்சிக் கணக்கில் பாலிகஞ்சில் மட்டும் 264 மி.மீ.; கரியா பக்கம் 332. துர்கா பூஜைக்கு ஐந்தே நாள் இருந்தது. நகரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தெருத் தண்ணீரில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். அந்தத் துயரத்துக்கு முன்னால் நனைந்த பைக்குகள் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் நின்ற வண்டிகளை வெள்ளம் விட்டுவைக்குமா? காய்ந்ததும் துடைத்து, ஆயில் மாற்றி, பாலிஷ் போட்டால் அவையும் சந்தைக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பழைய கார் வாங்கியவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

நனைந்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? பளபளப்பைப் பார்த்துப் பயனில்லை. சீட்டையும் பக்கவாட்டு மூடியையும் கழற்றச் சொல்ல வேண்டும். ஏர் பில்டர் பெட்டியின் அடிமூலையில் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு இரண்டைப் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கிறதா என்று தெரியும். மீட்டர் கண்ணாடிக்கு உள்ளே ஆவி கோத்திருப்பது இன்னொரு அடையாளம். எஞ்சின் ஆயில் டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக இருந்தால் கவலையில்லை, ஓடிய வண்டி. பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நேற்றுதான் மாற்றியதுபோல் தேன் நிறத்தில் இருந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படலாம். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஆயில் மூடியைத் திறந்து உள்புறம் வெள்ளைப் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகள் வழக்கம்.

இன்ஷூரன்ஸ் காகிதமும் பேசும். க்ளெய்ம் வாங்காத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 வரை ஏறுவது நோ க்ளெய்ம் போனஸ். ஐந்து வருட வண்டியின் பாலிசியில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், ஏன் என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

காட்டில் ஓடிய வண்டியை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு அடியிலுள்ள காப்புத் தகட்டில் கீறல் இருப்பது குற்றமல்ல. அது அதற்காகத்தான் இருக்கிறது. தகடு புதிதாக மின்னி, ரிம் மட்டும் நெளிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஏறக்குறைய ஒரே ஸ்வரம் வர வேண்டும். நடுவில் ஒன்று 'டொக்' என்றால் தளர்ந்திருக்கிறது. போர்க் குழாயில் ஆயில் கோடு தெரிந்தால் சீல் போய்விட்டது. அது சின்னச் செலவு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நட்டநடுவில் பிடித்து நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது தடுக்கும் சிறு இரும்பு முட்டு உடைந்தோ வளைந்தோ இருந்தால் அது பெரிய விழுக்காடு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நாலு இலக்கமும் ஒரு சாட்சி. 2319 என்றால் 2019ன் இருபத்துமூன்றாவது வாரம். பட்டன் தேயவில்லை என்பதற்காக ஆறு வருட ரப்பரை நம்ப முடியாது. இன்னொன்று, பார்க்கப் போகும்போது எஞ்சின் சூடாக இருக்கக் கூடாது. சூடாக இருந்தால் காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியை முன்கூட்டியே சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓட்டிப் பார்க்க இந்தப் பேட்டையைவிட நல்ல பரீட்சை மைதானம் கிடைக்காது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் குழிகள், கரியாஹாட்டின் நெரிசல், டிராம் ஓடிய தண்டவாளம் எங்கேனும் இன்னும் தலைகாட்டும் இடம். குறுகிய 21 அங்குல முன்சக்கரம் ஈரமான தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும்போது என்ன செய்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டவர் ஹெல்மெட்டைப் பற்றி விவாதம் செய்ய மாட்டார்.

பணம் கொடுத்துச் சாவி வாங்கியதோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் இருதரப்புக்கும் ஆபத்து. 2007ல் கைமாறிய ஒரு கார், பிறகு பல கைகள் மாறி, 2009ல் விபத்துக்குள்ளானது. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளர் தலையில்தான் விழுந்தது. ஆகவே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35, அதோடு வங்கியின் ஆட்சேபணையில்லாச் சான்று. இன்ஷூரன்ஸ் பெயர் மாற்ற பதினான்கு நாள் அவகாசம். வேலை மாற்றத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டியை எடுத்துப் போகிறவருக்குப் படிவம் 28ம் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்கினால் மறுபதிவும் வரியும் உண்டு. வாகனத்தின் சேஸிஸ் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் முகம் சுளிக்கிற விற்பனையாளரிடம் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

எல்லாம் முடிந்தபின் எங்கே போவது? முதல் பயணத்துக்கு ஜார்கிராம் போதும், சுமார் 170 கி.மீ. கோலாகாட்டில் ரூப்நாராயண் நதிப் பாலத்தைத் தாண்டிக் காலை உணவு, கரக்பூர் கடந்து லோதாசுலியில் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் சால மரக் காடு. மண் அங்கிருந்து சிவக்கத் தொடங்குகிறது. 2010 வாக்கில் இந்தப் பக்கம் சும்மா வருபவர் யாரும் இல்லை. மாவோயிஸ்டுகளும் கூட்டுப்படையும் மோதிய ஜங்கல்மஹால் இது. அந்த ஆண்டு மே மாதம் ஞானேஸ்வரி எக்ஸ்பிரஸ் தடம்புரண்டதும் இங்கேதான். 2011 நவம்பரில் கிஷன்ஜி கொல்லப்பட்டார். 2017ல் ஜார்கிராம் தனி மாவட்டம் ஆனது. பெல்பஹாரி, கக்ரா அருவி, காங்க்ராஜோர் என்று இன்று வாரக் கடைசிப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் ஒருகாலத்தில் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் மட்டுமே வந்தவை. இன்னும் தொலைவு வேண்டுபவருக்குப் புருலியாவின் அயோத்யா மலை, கர்பேட்டாவில் ஷிலாபதி ஆறு அரித்துச் செதுக்கிய கங்கனி செம்மண் பள்ளத்தாக்கு.

பாதை என்று சொல்வது பெரும்பாலும் கிராமத்து மாட்டுவண்டித் தடம், வயல் வரப்பை ஒட்டிய சரளை வழி. அதில் வேகம் காட்டினால் ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்குவது சட்டப்படி தவறு. அதைவிட முக்கியம், தால்மாவிலிருந்து இறங்கிவரும் யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளில் நெல் தேடி நடமாடுகின்றன. நாலு மணிக்கு மேல் குறுக்கு வழி பார்க்க வேண்டாம் என்று ஊர்க்காரர் சொன்னால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும், எத்தனை சிசியாக இருந்தாலும்.

ஞாயிறு இரவு பாலிகஞ்ச் திரும்பும்போது வண்டியின் நிறம் மாறியிருக்கும். திங்கள்கிழமை காலை மெக்கானிக் கடையில் செயினைக் கழுவி ஆயில் விடுவார்கள். செப்டம்பர் நடுவில் விஸ்வகர்மா பூஜை நாளில் அதே கடையில் ஸ்பானர்களுக்கும் வண்டிகளுக்கும் செவ்வந்தி மாலை விழும். மேலே மொட்டைமாடிகளில் பட்டம் பறக்கும். லேக் மார்க்கெட் வீடுகளில் சில வாரம் கழித்து ஆயுத பூஜை. பாலிகஞ்சுத் தமிழர் வாங்கிய பழைய வண்டிக்கு வருடத்தில் இரண்டு மாலை, ஒரு எலுமிச்சம்பழம்.