வேண்டுதல் இல்லா வழிபாடு

சாவு வீட்டில் எழும் வினாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு உடனே விடை கிடைத்துவிடும். பெட்டி எப்பொழுது வரும், ஊர்வலம் எத்தனை மணிக்குப் புறப்படும், கொள்ளி வைப்பவர் மூத்தவரா இளையவரா, எட்டாம் நாள் துக்கம் எந்தக் கிழமையில் விழும் என்பனவற்றைச் சொல்ல ஊரில் ஒருவரேனும் இருப்பர். இறந்தவர் எங்கே போனார் என்னும் வினாவுக்கு மட்டும் ஒரே வீட்டில் நான்கு விடைகள் கிடைக்கும். சிவனடி சேர்ந்தார் என்பார் தேவாரம் பாட வந்தவர். வினைக்கேற்ற பிறவி எடுப்பார் என்பார் அருகில் அமர்ந்திருப்பவர். பதினாறு நாளும் இவ்வீட்டைச் சுற்றியே இருப்பார் என்று நம்பும் பாட்டிமார் விளக்கை அணையவிடாமல் காப்பர். எங்கும் போகவில்லை, எரிந்து சாம்பலாவார், அவ்வளவுதான் என்று வாசலில் நிற்கும் இளைஞன் முணுமுணுப்பான். லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் இடையே அமைந்த சாஆ வட்டாரத்திலும் இந்நான்கு விடைகளே வழக்கில் உள்ளன.

ஐந்தாவது விடை ஒன்றும் உண்டு. அதைச் சொல்வோர் மிகச் சிலர். அவர்கள் கடவுளை மறுப்பதில்லை. ஆயினும் கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. உலகைப் படைத்த முதல்வன் ஒருவன் உளன். அவன் வகுத்த இயற்கை விதிகளின்படியே உலகம் நடக்கிறது. அவனை அறிய மனிதனுக்கு அளிக்கப்பட்ட அறிவே போதும். அற்புதங்களும் இடையில் நின்று தரகு பேசும் குருமாரும் வேண்டா என்பது அவர்தம் கொள்கை. மேலைநாட்டார் இதனை டீயிசம் என்பர். நம்பிக்கையாளர் இவர்களை நாத்திகர் என்று ஒதுக்கினர். நாத்திகர் இவர்களைத் துணிவற்ற நம்பிக்கையாளர் என்று நகைத்தனர்.

இக்கொள்கையின் தந்தை என மதிக்கப்படுபவர் செர்பரி பிரபு எட்வர்டு ஹெர்பர்ட் என்னும் ஆங்கிலேயர். 1624-இல் பாரிசில் வெளியிட்ட இலத்தீன் நூலில், எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான உண்மைகள் ஐந்து என்று அவர் எழுதினார். இறைவன் ஒருவன், அவன் வழிபடத்தக்கவன், நல்லொழுக்கமே வழிபாட்டின் தலையாய பகுதி, செய்த பிழைக்கு மனிதன் வருந்தித் திருந்த வேண்டும், இம்மைக்குப் பின் நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் உண்டு. முதல் நான்கைப் பற்றி அவர்வழி வந்தோர் அதிகம் பிணங்கவில்லை. ஐந்தாவதில்தான் பிளவு ஏற்பட்டது. இயற்கையை நோக்கிப் படைத்தவனை உய்த்துணரலாம். ஆனால் இறந்தபின் நிகழ்வதை எந்த இயற்கை காட்டுகிறது? அறிவையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு இவ்விடத்தில் அளவுகோல் குறுகிவிடுகிறது.

அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டதே அவர்களின் பெருமை எனலாம். தாமஸ் பெய்ன் 1794-இல் வெளியிட்ட 'அறிவின் ஊழி' என்னும் நூலின் தொடக்கத்திலேயே தம் கொள்கையை உரைக்கிறார்: கடவுள் ஒருவரே, இவ்வாழ்வுக்கு அப்பாலும் இன்பம் உண்டு என்பது அவர் நம்பிக்கை, நீதி செய்தலும் இரக்கம் காட்டலும் உடன்வாழ்வோரை மகிழ்விக்க முயலலும் சமயக் கடமைகள். அப்பாலுள்ள வாழ்வு எவ்வாறு இருக்கும் என்று அவர் வரைபடம் தீட்டவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1790 மார்ச்சில், தம் 84-ஆம் வயதில், யேல் கல்லூரித் தலைவருக்கு எழுதிய கடிதமும் இவ்வாறே அமைந்தது. இறைவனுக்குச் செய்யும் மிகச் சிறந்த தொண்டு அவனுடைய மற்றப் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதே என்றும், உயிர் அழியாது என்றும், அதற்கு நீதி வழங்கப்படும் என்றும் எழுதிய அவர், இயேசுவின் தெய்வத்தன்மை பற்றித் தமக்குள்ள ஐயத்தை இப்பொழுது ஆராய வேண்டியதில்லை, விரைவில் எளிதாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வரும் என்றும் குறிப்பிட்டார். ஆறு வாரத்திற்குள் அவர் இறந்தார். சாவின் வாயிலில் நின்று இவ்வளவு அமைதியாக நகையாட எல்லாராலும் இயலாது.

இவர்களின் கருத்தில் வாழ்வின் நோக்கம் என்னும் வினாவுக்குச் சிக்கலற்ற விடை உண்டு. இறைவனுக்கு எந்தக் குறையுமில்லை. குறையில்லாதவனுக்குக் கொடுக்க மனிதனிடம் ஒன்றுமில்லை. ஆகவே கொடுக்க வேண்டியதெல்லாம் குறையுடைய சக மனிதனுக்கே. விருப்பும் வெறுப்பும் அற்றவன் என்று இறைவனைக் குறித்த வள்ளுவரைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது புதிய கருத்தன்று. ஆனால் வள்ளுவர் அவன் அடியைச் சேர்தல் பற்றியும் பேசினார். டீயிசம் பேசுவோர் அவ்வளவு அணுக்கத்தை இறைவனிடம் எதிர்பார்ப்பதில்லை.

அந்தத் தொலைவுதான் இக்கொள்கையின் வலிமிகுந்த இடம். 1755 நவம்பர் 1, கிறித்தவர்தம் புனிதர் அனைவரின் திருநாள். காலை வழிபாட்டுக்கு மக்கள் திரண்டிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரைப் பூகம்பம் தாக்கியது. தேவாலயங்கள் இடிந்தன, கடல் பொங்கியது, தீயும் பரவியது. எல்லாம் நன்மைக்கே என்று சொல்லித் திரிந்தவர்களைச் சாடி வோல்ட்டேர் ஒரு நீண்ட கவிதை எழுதினார். ஆயினும் படைத்தவன் ஒருவன் இல்லை என்று அவர் முடிவு கட்டவில்லை. சில ஆண்டுகளில் பெர்னேயில், புனிதர் எவர் பெயரிலுமன்றிக் கடவுள் பெயரிலேயே ஒரு தேவாலயம் கட்டி, அதன் முகப்பில் தம் பெயரையும் பொறித்துக்கொண்டார். (அடக்கம் அவருடைய சிறந்த பண்புகளுள் ஒன்றன்று.)

தமிழர்தம் சிந்தனையில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. வினை தானே சென்று பயனைத் தருமா, இறைவன் கூட்டுவிக்க வேண்டுமா? வினை சடம், தானே செயற்பட அறியாது, ஆதலின் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்று சைவ சித்தாந்தம் வாதிடும். கூட்டுவிப்பவன் வேண்டா என்று சமணமும் பௌத்தமும் சொல்லும். காண்பதையே நம்புவேன் என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அநுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை கேட்பதையும் மாணவர் படித்திருப்பர். ஆக, இறப்பிற்குப் பின் என்ன என்பதை நம்மவர் நம்பிக்கைக்கு மட்டும் விட்டுவிடவில்லை, வாதத்துக்கும் உட்படுத்தினர்.

டீயிசத்தோடு மிக நெருங்கிய இந்தியக் குரல் இராஜாராம் மோகன்ராயுடையது. 1803-ஆம் ஆண்டளவில் அவர் பாரசீக மொழியில் எழுதிய சிறு நூல், படைத்தவன் ஒருவன் என்னும் நம்பிக்கை மனித இனம் முழுமைக்கும் பொது என்றும், ஏனையவை பழக்கத்தாலும் பயிற்சியாலும் வந்தவை என்றும் வாதிட்டது. உயிரும் மறுமையும் மறைபொருள்களே. எனினும் மறுமையின் தண்டனைக்கு அஞ்சி மக்கள் தீமை செய்யாதிருப்பதால் அந்நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதில் அவர் காட்டிய சலுகை. 1828-இல் கல்கத்தாவில் பிரம்ம சபையை நிறுவிய அவர், 1833 செப்டம்பர் 27-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் காலமானார். ஒரு தோட்டத்தில் மரநிழலில், எந்தச் சமயச் சடங்குமின்றி, மௌனமாக அடக்கம் செய்தனர். அப்பொழுதும் அவர் உடலில் பூணூல் இருந்தது. சாதியை இழந்தவர் என்னும் பழி வந்தால் பிள்ளைகளின் சொத்துரிமைக்கு ஊறு நேரும் என்று அவர் அஞ்சியிருந்தார்.

அவர் தொடங்கிய இயக்கம் சென்னைக்கும் வந்தது. கேசவ சந்திர சென் 1864-இல் சென்னை வந்து சொற்பொழிவாற்றியதை அடுத்து வேத சமாஜம் தோன்றியது. 1871-இல் ஸ்ரீதரலு நாயுடுவின் முயற்சியால் அது தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாறியது. இறைவன் பிரார்த்தனைக்குச் செவிசாய்ப்பான் என்று இவர்கள் நம்பியமையால் இவர்களை முழுமையான டீயிசத்தார் எனல் பொருந்தாது. ஆயினும் சமாஜத்தில் சேர்வோர் ஏற்ற உறுதிமொழியில் ஒரு பகுதி கருதத்தக்கது. தூய ஒருதெய்வக் கொள்கைக்கு ஏற்ற புதிய சடங்குமுறை உருவாகும்வரை, தவிர்க்க இயலாத இடத்திலும், விட்டால் பிறர் மனம் புண்படும் இடத்திலும் மட்டும் பழைய சடங்குகளைச் செய்வது. அப்பொழுதும் அவற்றைச் சமயப் பொருள் ஏதுமற்ற வெறும் வழக்கமாகவே கருதுவது. இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர் உண்டு, சொல்வதும் எளிது. ஆனால் அந்த உறுதிமொழியை எழுதியவர்கள் தாயையோ மனைவியையோ பாடையில் வைத்துவிட்டு, சுற்றத்தார் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியவர்கள். கொள்கை பிணத்தைத் தூக்குவதில்லை. அதற்கு நான்கு பேர் வேண்டும்.

சாஆவை அடுத்த தோட்டமொன்றில் கிராணியாராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மேற்சொன்ன பெயர்களுள் ஒன்றையும் கேட்டறியாதவர். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து சென்றதன்பின் தோட்டங்களில் பரவிய சுயமரியாதைக் கருத்துகளை ஏற்றவர் அவர் தந்தையார். ஆகவே அவர் பிறந்த வீட்டில் சாமி படம் கிடையாது. பெரியவரோ தம் சொந்த வழியில் கடவுளிடம் திரும்பி வந்தார். அதற்குக் காரணம் தோட்ட அலுவலகத்தின் மழைக்கணக்கு. நாள்தோறும் காலைப் பெரட்டு முடிந்ததும் மழைமானியில் தேங்கிய நீரை அளந்து பேரேட்டில் எழுதுவது அவர் வேலை. மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது, கூலி போகும். ஆதலால் லயத்து வீடுகளில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்வர். காய்கறிக் கொல்லை போட்டவர் மழை வேண்டும் என்று வேண்டிக்கொள்வர். ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கணக்கில் எவருடைய வேண்டுதலின் தடமும் அவர் கண்ணுக்குப் படவில்லை. பட்டது ஓர் ஒழுங்கு மட்டுமே. பருவக்காற்று வந்தது, போனது. ஆண்டுதோறும் மரம் இலை உதிர்த்தது, துளிர்த்தது. இவ்வளவு ஒழுங்கைத் தானாக வந்தது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடவுள் லண்டனில் இருந்த கம்பெனி முதலாளியைப் போன்றவர் போலும், தோட்டத்தை எட்டியும் பார்க்கமாட்டார் என்று ஒருமுறை பள்ளி ஆசிரியர் ஒருவர் சீண்டினார். "முதலாளி ஆண்டுக்கு ஆண்டு இலாபம் வாங்கிக்கொண்டாரே ஐயா, இவர் என்ன வாங்கினார்?" என்றார் பெரியவர்.

அவர் மனைவி வேறு வகையினர். மாரியம்மன் திருவிழாவில் ஆண்டுதோறும் பால்குடம் எடுத்தவர். தமக்கு எல்லாக் காரியமும் முறைப்படி நடக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தவர். அவர் இறந்தபொழுது, மகன்கள் தந்தையை எண்ணித் தயங்கினர். செய்யுங்கள் என்றார் பெரியவர். ஐயர் சொன்ன இடத்தில் அமர்ந்தார். எழச் சொன்னபொழுது எழுந்தார். உதடு மட்டும் எதையும் முணுமுணுக்கவில்லை.

பதினாறாம் நாள் வாழையிலையில் படைத்த சோற்றைக் கொல்லைச் சுவரின்மேல் வைத்துக் காகத்தை அழைத்தனர். காகம் வரவில்லை. செம்பனைத் தோப்புப் பக்கம் கரைந்தவை இப்பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவுக்கு ஏதோ மனக்குறை என்று மகள் அழத் தொடங்கினாள். விருந்தினர் பசியோடு காத்திருந்தனர். பெரியவர் எழுந்து வந்து மகளருகே நின்று, கைதட்டிக் காகத்தை அழைத்தார். நண்பகல் வெயிலில் நெடுநேரம் நின்றார். இறுதியில் ஒன்று வந்து ஒரு பருக்கையைக் கொத்திச் சென்றது.

கூடவே நின்ற பேத்தி கேட்டாள்: "பாட்டியா தாத்தா அது?"

"காக்கா அம்மா அது."

"அப்போ பாட்டி எங்க?"

"தாத்தாவுக்குத் தெரியாதும்மா. பாட்டியைப் படைச்சவனுக்குத் தெரியும்."

மகள் திரும்பித் தந்தையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இலை போடத் தொடங்கியிருந்தனர். பேத்தியின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துச் சென்று கழுவிவிட்டுத் தாமும் பந்தியில் அமர்ந்தார்.