மதகடிப்பட்டுல 60 அடி!

புதுச்சேரி - விழுப்புரம் ரோட்டுல மதகடிப்பட்டு ஸ்டாப்ல இறங்குங்க. செவ்வாய்க்கிழமைன்னா மாட்டுச்சந்தை களைகட்டும். சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலையும் பார்த்துடுங்க. அப்படியே ஒரு காலி இடத்துல 60 அடி அளந்து ஓடிப் பாருங்க. பெண்கள் சாஃப்ட்பால்ல ஒரு பேஸ்ல இருந்து அடுத்த பேஸுக்கு அவ்ளோதான் தூரம்!

இந்த ஆட்டத்துக்காக அமெரிக்காவுல பொண்ணுங்க வயசுவாரியா டீம் சேர்ந்து ஊர் ஊரா போறாங்க. பேரு 'டிராவல் டீம்'. செலவு பெரும்பாலும் அப்பா, அம்மா பர்ஸ்ல இருந்துதான். அதுல எது நல்ல டீம்? கப்பை மட்டும் எண்ணாதீங்க. பெஞ்ச்ல இருந்தவளுக்கும் பேட் கிடைச்சுதா, காசில்லாதவளையும் கூட்டிட்டுப் போனாங்களான்னு கேளுங்க.

உங்க காலேஜ் டீமுக்கும் இதே அளவுகோல்தான். பஸ்ஸைப் பிடிக்கணுமேன்னு பாதி பிராக்டீஸ்ல கிளம்புற கிராமத்துப் பொண்ணு உங்க டீம்ல இருக்காளா? அவளுக்கு 60 அடி ஒரு தூரமே இல்லீங்க. மைதானத்துல இருந்து வீடுதான் தூரம்!