கோயில் வளவு முன்பள்ளியும் விளையாட்டும்

முன்பள்ளியில் விளையாட்டு என்பது ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவே பிள்ளைகளை வெளியே திறந்துவிடும் நேரம் அல்ல. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளை எண்ணையும் பேச்சையும் கைவேலையையும் பிறரோடு கூடியிருக்கும் முறையையும் கற்றுக்கொள்ளும் பிரதான வழி அதுதான். பிள்ளை தானே தெரிந்தெடுத்ததாக இருந்தால், நடுவில் விதியை மாற்ற இடமிருந்தால், போதும் என்று பட்டதும் விட்டுவிட முடிந்தால் அது விளையாட்டு. எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, ஆசிரியை தாளம் போட, ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்ய வைப்பது நல்ல உடற்பயிற்சி. அதை விளையாட்டு என்று குறிப்பேட்டில் எழுதுவது பிழை.

இப்படி விளையாட இடமுள்ள ஊர்களில் ஒன்று, கொழும்பு–புத்தளம் வீதியில் முந்தலைத் தாண்டிப் பாலாவிக்கு முன்னால் வரும் மதுரங்குளி. களப்பும் தென்னந்தோட்டமும் இறால் தொட்டிகளும் சூழ்ந்த ஊர். 1939இல் அமைக்கப்பட்ட சிலாபம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது. இக்கரையோரத்தில் கோயிலோடு சேர்ந்த முன்பள்ளி பெரும்பாலும் பங்கு மண்டபத்தில், அல்லது கோயில் வளவின் ஓரத்தில் இறக்கிய கொட்டகையில் நடக்கும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்கு முன் முடிந்துவிடும். கத்தோலிக்கப் பிள்ளைகளோடு முஸ்லிம், இந்து, பௌத்த வீட்டுப் பிள்ளைகளும் அதே பாயில் உட்காருவார்கள். கட்டடம் சிறியதாக இருக்கலாம், முற்றத்து மணலுக்குக் குறைவில்லை. பட்டணத்து முன்பள்ளிகள் காசு கொடுத்துக் கொட்டும் மணல் இங்கே காலடியிலேயே கிடக்கிறது.

அந்த மணலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேய திருச்சபைக் குருவான அன்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்துக்குள் கொண்டுவந்தார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. திண்ணைப் பள்ளிப் பிள்ளையின் மணலை வெளிநாட்டு உபகரணப் பட்டியலில் பார்த்து விலை விசாரிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

விளையாட்டையே கல்வியின் நடுவில் வைத்த முதல் பெரும் முயற்சி பிரெட்ரிக் ஃப்ரோபெலுடையது. லூத்தரன் போதகரின் மகனான அவர் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். கம்பளி நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம், எட்டாகப் பிரியும் கனசதுரம் என்று வரிசையாகக் கொடுத்தார். பிரஷ்ய அரசு 1851இல் இந்த நிலையங்களைத் தடைசெய்து 1860இல்தான் தடையை நீக்கியது. மரியா மொண்டிசோரி 1907 சனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரென்சோவில் தம் முதல் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவரை இரண்டாம் உலகப் போர் இந்தியாவிலேயே தங்க வைத்தது. 1944இல் அவர் இலங்கைக்கும் வந்தார். இன்று இந்நாட்டில் பல முன்பள்ளிகளின் பலகையில் அவர் பெயர் இருக்கும். ஆனால் அவர் பாவனை விளையாட்டைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பொம்மைக் கோப்பையில் இல்லாத தேநீரை ஊற்றுவதைவிட உண்மையான கோப்பையில் உண்மையான தண்ணீரை ஊற்றப் பழகுவதே பிள்ளைக்கு வேண்டும் என்றார். நல்ல முன்பள்ளியில் இரண்டுக்கும் இடம் உண்டு: ஒரு மூலையில் தண்ணீர்க் குவளை, மறு மூலையில் பாவனைக் கடை.

பொருட்களைச் சேர்ப்பது ஆசிரியையின் முதல் வேலை. சிரட்டை, குரும்பட்டி, ஈர்க்கு, தென்னோலை, மட்டி ஓடு, சோகி, புளியங்கொட்டை, பால்மாப் பேணி, நைலோன் கயிறு, பழைய சாரம் எல்லாம் வீடுகளிலிருந்தே வரும். விலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் மீன் எப்போதும் மீன் மட்டுமே. மட்டி ஓடு காலையில் மீன், பத்து மணிக்குக் காசு, பதினொரு மணிக்கு அப்பம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் முன்பள்ளிக்குள் வரவே கூடாது. மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைப் போத்தலில் போட்டு மேசையில் வைக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது; மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் போய்ச் சிக்கும்.

பொருள் சேர்ந்துவிட்டால் மீதி எளிது என்று புதிதாக வரும் ஆசிரியைகள் நினைக்கிறார்கள். இத்தொழிலில் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது: எப்போது வாய் திறப்பது, எப்போது சும்மா இருப்பது. இதைப் பயிற்சி வகுப்பில் அரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். முன்பள்ளியில் நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன.

கரைவலை விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். உடப்பு முதல் கற்பிட்டி வரையான கரையில் வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கயிற்றின் ஒரு முனையைத் தென்னையில் கட்டி, நாலு பேர் மறுமுனையைப் பிடித்து, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் மெட்டில் எதையோ முனகிக்கொண்டு பின்னுக்கு இழுப்பார்கள். சாரம்தான் வலை. வலைக்குள் மட்டி ஓடுகள். ஒருவன் வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி. மீன் கரையேறியதும் பங்கு பிரிப்பு தொடங்கும். பதினான்கு ஓடுகளை நாலு சிரட்டைகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனால் ஆளுக்கு மூன்று வந்து இரண்டு மிஞ்சும். சண்டை மூளும் நேரம் அது. இந்த இடத்தில் அவசரக்கார ஆசிரியை ஓடிவந்து, "எங்க, எத்தனை இருக்கு? எல்லாரும் எண்ணுங்க பாப்பம்" என்று தொடங்கிவிடுவார். பிள்ளைகள் மரியாதையாக எண்ணுவார்கள். விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும். பேசாமல் இருக்கத் தெரிந்த ஆசிரியைக்கு வேறொன்று கேட்கும். "மிச்சம் ரெண்டும் வலைக்கு" என்பான் சம்மாட்டி. வலைக்கும் தோணிக்கும் பங்கு உண்டு என்பது அவன் வீட்டில் நாள்தோறும் கேட்கும் கணக்கு. வகுத்தலையும் மீதியையும் நியாயத்தையும் ஒரே மூச்சில் நாலரை வயதுப் பிள்ளை செய்து முடித்துவிட்டான். எந்தக் கொப்பியிலும் இது வராது.

சும்மா இருப்பது என்றால் கதிரையில் சாய்ந்து தொலைபேசியைப் பார்ப்பது அல்ல. ஆசிரியை அருகிலேயே, பிள்ளையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். உடலுக்கு ஆபத்து என்றால் உடனே எழ வேண்டும். ஒரு பிள்ளையை மற்றவர்கள் திரும்பத் திரும்ப ஒதுக்கினால் எழ வேண்டும். ஆட்டம் ஒரே இடத்தில் சுற்றிச் சோர்ந்துபோனால் பேச்சைவிடப் பொருள் நல்லது. ஒரு தராசையோ வெற்றுப் பேணியையோ சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தால் ஆட்டம் தானே திசை மாறும். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் ஆட்டத்துக்குள் ஓர் ஆளாகப் போக வேண்டும். "சம்மாட்டி, மீன் வாங்க வந்திருக்கன், கிலோ என்ன விலை?" என்று கேட்டால் பிள்ளைகள் விலை பேசுவார்கள், நிறுப்பார்கள், கடன் சொல்வார்கள். ரீச்சராக உள்ளே போனால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டேயிருக்கும் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரட் பார்ட்டன் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, பார்த்து நிற்பதையும் ஒரு நிலையாகவே எண்ணினார். பிறகு அருகருகே இருந்து தனித்தனியாக விளையாடுவது, பிறகு சேர்ந்து விளையாடுவது என்று அது போகும். பார்த்து நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து நடுவில் விடுவது உதவி அல்ல. பல நாள் பார்த்து நின்ற பிள்ளை ஒருநாள் கயிற்றைப் பிடிக்கும்போது ஆட்டத்தின் எல்லா விதியும் அதற்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோர் கேட்பது கொப்பி. மூன்று வயதில் முன்பள்ளிக்கு வந்த பிள்ளை மூன்றாம் மாதத்தில் 'அ' எழுதாவிட்டால், பக்கத்துத் தெருவில் வீட்டுப்பாடம் கொடுக்கும் இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மணிக்கட்டில் எட்டு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றாக இறுகி வரும். மூன்று வயதில் எட்டில் பாதிகூட இறுகியிராது. மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்கும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலுக்கும் ஆறுக்கும் இடையில்தான் படிகிறது. சுழித்து வளைந்து திரும்பும் 'அ'வை அதற்கு முன் எழுத வைத்தால் பிள்ளை முழுக் கையாலும் பென்சிலை நெரித்துப் பிடிக்கும். அந்தப் பிடி பிறகு எளிதில் மாறாது. மா பிசைவதும், ஓலை கிழித்துப் பின்னுவதும், பஞ்சை நனைத்துப் பிழிவதும், உடுப்புக் கிளிப்பைக் கொடியில் குத்துவதும், மணலில் விரலால் இழுப்பதும்தான் எழுத்துக்கு முந்திய எழுத்து. முதலாம் தரமே அந்தக் கொப்பியைக் கேட்கவில்லை. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதலிரு தரங்களுக்கும் விளையாட்டு, செயற்பாடு, மேசையிலிருந்து செய்யும் எழுத்து வேலை என்று மூன்று வழிகளை வகுத்து, விளையாட்டுக்கே பெரும் இடம் கொடுத்தது. பெரிய பள்ளி விளையாட்டோடு வரவேற்கக் காத்திருக்க, சின்னப் பள்ளி கொப்பியோடு துரத்துகிறது.

மொழி விளையாட்டில்தான் கலக்கும். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை வீட்டில் தமிழும் பள்ளியில் சிங்களமுமாக வளர்ந்த மீனவக் குடும்பங்கள் ஏராளம். வடக்கே வரவரத் தமிழ் கூடும். கயிறு இழுக்கும்போது ஒரு பிள்ளை தமிழிலும் மற்றது சிங்களத்திலும் கத்தும், வலை வந்துவிடும். திருத்தப் போகக் கூடாது. சமயத்திலும் அப்படியே. தலவில புனித அன்னம்மாள் திருவிழா முடிந்து வரும் வாரம் முழுவதும் சுரூபப் பவனிதான் விளையாட்டு. கடதாசிப் பெட்டியே தேர், முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் அதற்குத் தோள் கொடுக்கும். பிஸ்கட்டை நற்கருணையாகக் கொடுத்துப் பூசை வைக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் சிலர் அதட்டுவதுண்டு. அந்தப் பிள்ளை கண்ட புனிதத்தைத் தன் கையால் செய்து பார்க்கிறது. அதட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அண்மைக் காலத்தில் விளையாட்டு நேரத்தைத் தின்பது வருட இறுதிக் கலைவிழா. மூன்றாம் தவணை பிறந்ததும் ஒத்திகை தொடங்குகிறது. மணல் மூலை மூடப்படுகிறது, மேடைக்கு இடம் வேண்டும் என்று பாவனைக் கடை ஒதுக்கப்படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் 'பட்டமளிப்பு' வேறு. படம் நன்றாக வரும். பிள்ளையின் விளையாட்டு உரிமையை 31ஆம் உறுப்புரையில் சொல்லும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. ஒத்திகைக் காலத்துக்கு அதில் விலக்கு இல்லை. பெற்றோர் கட்டும் மாதக் கட்டணத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியை இதையெல்லாம் எதிர்த்துப் பேசுவது கடினம். பங்குக் குருவும் கன்னியரும் அவர் பக்கம் நிற்காவிட்டால் முடியவே முடியாது. கோயிலோடு சேர்ந்த முன்பள்ளிக்கு உள்ள பெரிய வசதியே, பிள்ளை எண்ணிக்கைக்கு அஞ்சி முறையைக் கைவிட வேண்டியதில்லை என்பதுதான். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் தனியார் நேர்சரிகளோடு அங்கியில் போட்டியிடுவது வீண்.

கடைசியாகக் குறிப்பேடு. விளையாட்டைப் புள்ளி போட்டு மதிப்பிட முடியாது, எழுதி வைக்க முடியும். பிள்ளை எதைத் தெரிந்தெடுத்தது, எவ்வளவு நேரம் அதில் நின்றது, யாரோடு சேர்ந்தது, என்ன சொன்னது என்று அன்றன்றே இரண்டு வரி போதும். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். "மிச்சம் ரெண்டும் வலைக்கு" என்பதை "வகுத்தல் திறன் நன்று" என்று மாற்றி எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதலாம் தரத்தில் சேர்கிறது. அங்கே தொடக்க வாரங்கள் பிள்ளையை இனங்காண ஒதுக்கப்பட்டவை. முன்பள்ளிக் குறிப்பேட்டின் பிரதி ஒன்று பெற்றோர் கையில் அந்த வாரங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தால், முதலாம் தர ஆசிரியை அதைப் பார்த்துத் தொடங்கலாம்.