வீட்டு நெட்வொர்க்கின் பெயர்ப் பதிவேடு யார் கையில்?

2020 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு பேரிடர் நிலையை அறிவித்த அதே நாளில், மெல்பர்ன், சிட்னி உள்ளிட்ட கிழக்குப் பகுதி நகரங்களில் டெல்ஸ்ட்ரா தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் நின்றுபோனது. யாரோ தாக்குகிறார்கள் என்று முதலில் சொன்ன நிறுவனம், அது தாக்குதல் அல்ல, டிஎன்எஸ் கோளாறு என்று பிறகு விளக்கியது. கேபிள் எங்கும் அறுந்துவிடவில்லை. தளத்தின் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தேடித் தரும் சர்வர்தான் திணறிப்போனது. டிஎன்எஸ் முகவரியை கூகுளின் 8.8.8.8 என்றோ கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்றோ மாற்றிக்கொண்டவர்களுக்கு அதே இணைப்பிலேயே எல்லாம் வேலை செய்தது. வீட்டு நெட்வொர்க்குக்கு லினக்ஸில் எந்த டிஎன்எஸ் மென்பொருளைப் போடலாம் என்று யோசிப்பவர் இந்த நாளிலிருந்து தொடங்குவது நல்லது. வேகமும் விளம்பரத் தடுப்பும் இரண்டாம்பட்சம். வெளியே யாரிடம் பெயர் கேட்பது, உள்ளே எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்ற இரண்டையும் வீட்டுக்காரரே தீர்மானிக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு என் பதில் டிஎன்எஸ்மாஸ்க். டிஎன்எஸ் மென்பொருள்களில் பெரிய பெயரெடுத்தது பைண்ட்தான். 1980களில் பெர்க்லியில் பிறந்தது, இணையத்தின் ஆணிவேரான ரூட் சர்வர்கள் பலவற்றில் ஓடுவது. ஆனால் அது முகவரி வழங்காது. அதற்குத் துணையாகப் பல்லாண்டு முகவரி வழங்கிவந்த ஐஎஸ்சி டிஎச்சிபிக்கு 2022 இறுதியில் ஆதரவு முடிந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் கியா, ஆயிரக்கணக்கான கருவிகளைக் கையாளும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பைண்டையும் கியாவையும் வீட்டில் இணைத்துப் பாருங்கள். புதிதாக வந்த லேப்டாப்புக்கு ஒரு மென்பொருள் முகவரி கொடுக்கும். மற்றதற்கு அது தெரிய வேண்டுமானால் நடுவில் ரகசியச் சாவியோடு ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். பைண்டின் பெயர்க் கோப்பைக் கையால் திருத்தினால் அதன் வரிசை எண்ணையும் மறக்காமல் கூட்ட வேண்டும். பிரிட்டனின் சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க்கில் முகவரி கொடுப்பதும் பெயர் சொல்வதும் ஒரே நிரல். பிரிண்டரின் மேக் முகவரி, அதற்கு நாம் வைக்கும் பெயர், ஐபி முகவரி, மூன்றையும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும். கோடைப் புயலில் மின்சாரம் போய் வந்தாலும் பிரிண்டர் பழைய முகவரியிலேயே எழும். வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் அதைப் பெயர் சொல்லியே கண்டுபிடிக்கும்.

பாதுகாப்பைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். 2021 ஜனவரியில் டிஎன்எஸ்மாஸ்க்கில் ஏழு ஓட்டைகள் ஒன்றாக அம்பலமாயின; பொய்யான முகவரியை நினைவில் ஏற்றிவிடும் வழியும் அவற்றில் இருந்தது. 2.83ஆம் பதிப்பு அவற்றை அடைத்தது. டெபியன் லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் அப்டேட் கட்டளை ஒன்றோடு அந்தத் திருத்தத்தைப் பெற்றுவிடலாம். இணைய நிறுவனம் கொடுத்த மோடத்துக்குள்ளும் பெரும்பாலும் இதே டிஎன்எஸ்மாஸ்க் இருக்கக்கூடும். அதற்குத் திருத்தம் எப்போது வரும் என்பது தயாரித்தவர் கையில். ஆக, ஓட்டை எங்கும் வரும், அடைக்கும் உரிமை நம்மிடம் இருப்பதே மேல்.

இன்னொரு மறுப்பு கனமானது. டிஎன்எஸ்மாஸ்க் தானாகத் தேடாது, கேள்வியை மேலே அனுப்பும், அவ்வளவுதான். மேலே ஒரே நிறுவனத்தின் சர்வர்களை மட்டும் எழுதி வைத்தால் 2020 ஆகஸ்ட் மறுபடியும் வரும். இரண்டு வேறு நிறுவனங்களின் முகவரிகளைக் கொடுத்து, எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்கும் அமைப்பையும் போட்டால் முதலில் வரும் பதில் பயன்படும். நம் தேடல்களை ஒரே நிறுவனம் மொத்தமாகப் பார்ப்பது உறுத்துகிறது என்றால், நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் உருவாக்கிய அன்பவுண்டை டிஎன்எஸ்மாஸ்க்கின் பின்னால் நிறுத்தலாம்; அது ரூட் சர்வரிலிருந்து தானே தேடி வரும். 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனத்தின் நெட்வொர்க்கே ஏறத்தாழ 14 மணி நேரம் விழுந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தவித்தபோது எந்த டிஎன்எஸ்ஸும் கைகொடுத்திருக்காது என்பதும் உண்மை. பாதை போனால் போனதுதான். பெயர் மட்டும் போகும் நாட்களுக்குத்தான் இந்த ஏற்பாடு.

கடைசியாக ஒன்று: முகவரி வழங்கும் சொந்த டிஎச்சிபியை இயக்கும் முன் மோடத்தில் இருப்பதை அணைத்துவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால், எந்தக் கருவி யார் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது.